மனைவியின் பக்கம்

பள்ளிக்கூட வேன் ஓட்டுபவருக்குக் காலை எட்டரைக்கு மேல் மதியம் மூன்று மணி வரை வேலை கிடையாது. அந்த ஆறரை மணி நேரத்தை என்ன செய்வது என்று தெரியாமல், வேனைக் கழுவியும் பின்சீட்டில் கால் நீட்டித் தூங்கியும் இருபது வருஷம் ஓட்டிவிட்டார். நோயாளர் பதிவகத்துக்குள் காலெடுத்து வைத்ததும் அந்தக் குறை தீர்ந்தது.

அவர் போனது ஒரே ஒரு தாளுக்காக.

அவர் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டு ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். மையம் ஊரின் அந்தக் கோடியில் இருந்தது. இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். நாலு மணி நேரம் மெஷினோடு படுத்துக் கிடந்துவிட்டு மறுபடி இரண்டு பஸ் பிடித்து வந்து சேரும்போது கால் இரண்டும் வெலவெலத்துவிடும். அவள் கிளம்பும் நேரத்தில்தான் அவர் வேனில் முப்பது பிள்ளைகள் இருப்பார்கள். போன மாதம் பஸ் படியில் சறுக்கி முட்டியில் தோல் வழன்றுவிட்டது. "வண்டி ஓட்டுறவர் பொண்டாட்டி பஸ்ல தொங்கிட்டுப் போறா," என்று சொல்லி அவளே சிரித்துக்கொண்டாள்.

இந்தச் சமயத்தில் வீட்டுக்கு மூன்றாவது தெருவில் புதிதாக ஒரு டயாலிசிஸ் மையம் திறந்தார்கள். இரண்டு பேரும் போய் விசாரித்தார்கள். அங்கிருந்த நர்ஸ் நல்ல மாதிரி.

"ஒரு பெட் காலியா இருக்கு. பதிவகத்துலேர்ந்து அம்மாவோட பதிவுத் தாளை சீல் வெச்சு வாங்கிட்டு வந்துடுங்க. ஒரே பேப்பர்தான். ஆறு வாரம் வரைக்கும் பெட்டைப் பிடிச்சு வெச்சிருக்கேன். அதுக்கு மேல என்னால முடியாது."

"ஆறு வாரமெல்லாம் எதுக்குங்க? நாளைக்கே கொண்டாந்துடறேன்," என்றார் வேன்காரர். நர்ஸ் காலண்டரில் ஆறு வாரம் தள்ளி ஒரு தேதியை வட்டமிட்டாள். அவளுக்குப் பதிவகத்தைப் பற்றி ஏற்கெனவே தெரிந்திருந்தது.

பதிவகம் மூன்று மாடிக் கட்டடம். கீழ்த்தளத்தில் ஏழாம் ஜன்னலில் ஒரு பெண் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியை நெற்றிக்கு மேலே ஏற்றி விட்டிருந்தாள். நோயாளி எண்ணைக் கேட்டாள், தட்டினாள், திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"ஃபில்டர் போட்டாச்சு. பாருங்க, உங்க வீட்டம்மாதானே?"

அவளேதான். பெயர், வயது, ரத்த வகை, சிகிச்சை தொடங்கிய நாள் எல்லாம் இருந்தது. இடது கையில் ஊசி போட்டால் வீங்கும் என்பது வரை இருந்தது. அவ்வளவு பெரிய திரையில் அவர் மனைவியைத் தவிர வேறு ஒருவரும் இல்லை. வேன்காரருக்கு மனசு குளிர்ந்துபோனது.

"அப்படியே அடிச்சுக் குடுத்துடுங்கம்மா."

ஏழாம் ஜன்னல்காரி கண்ணாடியை இறக்கி மூக்கில் வைத்துக்கொண்டாள். ஒரே விஷயத்தை அன்றைக்கு ஒன்பதாவது தடவையாகச் சொல்லப் போகிறவளின் முகம் அது.

"ஃபில்டர் ஸ்கிரீனுக்குத்தாங்க. பார்க்கும்போது ஒருத்தர்தான் தெரிவாங்க. பிரிண்ட் குடுத்தா எல்லாரும் வருவாங்க."

"எல்லாரும்னா?"

"முப்பத்தெட்டாயிரத்து நானூத்திப் பதினாறு பேரும். ஆளுக்கு ஒரு பக்கம். முழுசா அடிச்சு, மாடியில தாள் தேர்வுப் பிரிவுல உங்களோடதை மட்டும் உருவிக் குடுப்பாங்க. ஒரு விண்ணப்பத்துக்கு ரெண்டு நாள் ஆகும். உங்களுக்கு முன்னாடி பதினொரு பேர் இருக்காங்க."

அவள் விளையாடுகிறாள் என்று அவர் கொஞ்ச நேரம் காத்துப் பார்த்தார். அவள் விளையாடவில்லை.

"எத்தனாவது பக்கம்னு சொன்னா அதை மட்டும் எடுக்க முடியாதாம்மா? ஜெராக்ஸ் கடையிலகூட எடுக்கறாங்களே."

"பக்க எண் கேக்கிற பெட்டியைப் போன வருஷம் சுற்றறிக்கை போட்டு மூடிட்டாங்க. யாரோ ஒருத்தர் தன் சொந்தக்காரங்க பக்கத்தை மட்டும் எடுத்தாராம். அது பாரபட்சமாம்."

"போன்ல இந்த ஸ்கிரீனை ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?"

"எடுத்துக்கலாம். அதுக்கு சீல் வெக்க மாட்டாங்க."

டோக்கன் எண் பன்னிரண்டு. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். பன்னிரண்டு பேருக்கு இரண்டிரண்டு நாள் என்றால் இருபத்து நாலு வேலை நாள். ஐந்து வாரத்துக்குள் அடங்கிவிடும். ஒரு வாரம் மிச்சம் கூட இருக்கிறது என்று மனைவியிடம் சொன்னார்.

"ஒரு பேப்பருக்கா?" என்றாள் அவள்.

"ஒரு பேப்பருக்குத்தான்."

தினமும் ஒன்பது மணிக்கு அவர் பதிவகத்துக்குப் போய் உட்கார ஆரம்பித்தார். போகாமல் இருந்தால் டோக்கன் பின்னால் தள்ளிப்போகும் என்று யாரோ சொன்னார்கள். யார் சொன்னது, எங்கே எழுதியிருக்கிறது என்பது ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் பன்னிரண்டு பேரும் வந்தார்கள். மேலே பிரிண்டர் ஓடும் சத்தம் கூரை வழியாகக் கேட்டுக்கொண்டே இருக்கும். சத்தம் நின்றால் எல்லோரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். பேப்பர் போட்டதும் மறுபடி ஓடும். குனிந்துகொள்வார்கள்.

மூன்றாம் நாள் தேர்வுப் பிரிவுத் தலைவர் படியில் இறங்கி வந்தார். ஒட்டடைக்குச்சி போல மெலிந்த ஆள். பிரிவில் பதினொரு பேர், அன்றைக்கு நாலு பேர் லீவு. விண்ணப்பதாரர்களில் திடமாக இருப்பவர்கள் கட்டு தூக்க வரலாம் என்றார். வேன்காரர் எழுந்துகொண்டார். சும்மா உட்கார்ந்து உட்கார்ந்து அவருக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது.

மாடியில் நீளமான அறை. ஒரு கோடியில் பிரிண்டர், நடுவில் மேஜைகள், மறு கோடியில் தாளை நறுக்கித் தள்ளும் மெஷின். பிரிண்டரிலிருந்து வரும் தாள்களை ஐந்நூறு ஐந்நூறாகக் கட்டி மேஜையில் வைக்க வேண்டும். ஏழு பேர் உட்கார்ந்து பெயர் பார்ப்பார்கள். வேண்டிய ஒன்றை எடுத்துத் தனியே வைத்துவிட்டு, மிச்சம் முப்பத்தெட்டாயிரத்து நானூற்றுப் பதினைந்தையும் நறுக்கும் மெஷினுக்கு அனுப்புவார்கள். வேண்டிய தாள் முதல் கட்டிலேயே கிடைத்துவிட்டாலும் கடைசிக் கட்டு வரை பார்த்தாக வேண்டும். பார்க்காமல் விட்டால் மற்றவர்களைப் புறக்கணித்த மாதிரி ஆகிவிடுமாம்.

மறுநாள் மதியம் ஐம்பத்தாறாவது கட்டைத் தூக்கிக்கொண்டு போகும்போது விலகியிருந்த ஒரு தாளில் அவர் மனைவியின் பெயர் தெரிந்தது. பக்கம் 27,903. இடது கையில் ஊசி போட்டால் வீங்கும் என்ற வரியும் இருந்தது.

"சார், இது என் வீட்டுக்காரியோட தாள். இதுக்காகத்தான் நான் வந்திருக்கேன்."

தலைவர் வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

"ஆமா. ஆனா இது ரெண்டாம் டோக்கனுக்காக அடிச்சது. இதுல உங்க மனைவி வேற ஒருத்தரோட விண்ணப்பத்துக்குத் துணையா வந்திருக்காங்க. உங்க விண்ணப்பத்துக்கு வரும்போதுதான் அவங்க சொந்தப் பேர்ல வருவாங்க."

"தாள்ல எழுதியிருக்கிறது ஒண்ணுதானே சார்?"

"எழுதியிருக்கிறது ஒண்ணுதான். இது கழிவு, அது ஆவணம்." அவர் குரலில் கோபமே இல்லை. பல பேருக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்துப் பழகிய குரல். "கழிவை வெளியில குடுத்தா எனக்கு மெமோ வரும்."

வேன்காரரே தூக்கிக்கொண்டுபோய் மெஷினில் போட வேண்டியதாயிற்று. மனைவி நூல் நூலாக வெளியே வந்து சாக்கில் விழுந்தாள்.

வீட்டில் அவள் கேட்டாள். "இன்னைக்கு என்ன ஆச்சு?"

"உன்னை நறுக்கிட்டாங்க."

அதற்கப்புறம் இரண்டு நாளைக்கு ஒருமுறை ஐம்பத்தாறாவது கட்டு வரும். அவர் பார்க்கக் கூடாது என்றுதான் இருப்பார், கண் தானாகப் போகும். வீட்டுக்கு வந்தால் அவள், "எத்தனாவது தடவை?" என்பாள். "நாலாவது." "அஞ்சாவது." கேட்டுவிட்டுத் தலையணையில் சாய்ந்துகொள்வாள். ஒருநாள் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காமல் நின்றுகொண்டே வந்து, வாசல்படி ஏற முடியாமல் அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு அவர் எத்தனாவது தடவை என்பதைச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

நாலாவது வாரம் பதிவகத்தில் ஒரு விழா. புதிய பிரிண்டர் வந்திருந்தது. பழையதைவிட இரண்டு மடங்கு வேகம் என்றார்கள். நாற்காலி போட்டு, ரிப்பன் கட்டி, விண்ணப்பதாரர்களையும் கூட்டத்துக்காக உள்ளே அழைத்து உட்கார வைத்தார்கள். பதிவகத்தின் இயக்குநர் பேசினார். நன்றாகவே பேசினார்.

"ஒரு சாதாரணக் குடிமகன் ஒரே ஒரு தாளைக் கேட்டு நம்மிடம் வருகிறார். நாம் அவருக்காக முப்பத்தெட்டாயிரத்து நானூற்றுப் பதினாறு தாள் அடிக்கிறோம். இந்த அக்கறையை வேறெந்த அலுவலகத்தில் பார்க்க முடியும்? சென்ற ஆண்டு நாற்பத்தாறு லட்சம் பக்கங்கள் அச்சிட்டோம். அதில் மக்களுக்குப் பயன்பட்டவை நூற்றிருபது. மீதி அத்தனையையும் பொதுமக்களுக்குத் தொந்தரவு தராமல் நாமே நறுக்கிவிட்டோம். இந்தப் புதிய கருவியின் உதவியால், வேண்டாத பக்கங்களை இனி இரு மடங்கு வேகத்தில் அச்சிடலாம் என்பதைப் பெருமையுடன் அறிவிக்கிறேன்."

எல்லோரும் கை தட்டினார்கள். வேன்காரரும் தட்டினார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்தால் தட்டாமல் இருக்க முடியாது.

புதிய பிரிண்டர் வேகமாகத்தான் ஓடியது. பன்னிரண்டாம் டோக்கனின் முறை வந்த அன்று இன்னும் வேகமாக ஓடி, 27,890-ஆவது பக்கத்தில் கடக்கென்று நின்றது. உள்ளே சிக்கிய தாள்களைப் பிய்த்துப் பிய்த்து எடுத்தார்கள். மறுபடி ஓடத் தொடங்கியபோது 27,912-ஆவது பக்கம் வந்தது. நடுவில் இருந்த இருபத்தொரு பேரும் கந்தல். கடைசிக் கட்டு வரை பார்த்துவிட்டுத் தலைவர் பதிவேட்டில் எழுதினார்: 'தேடப்பட்டது. நபர் காணப்படவில்லை.'

"சார், சிக்கிக் கிழிஞ்சது உங்க மெஷின்ல. திரும்ப ஒரு தடவை..."

"கண்டிப்பா அடிச்சுக் குடுப்போம். புது விண்ணப்பம் குடுத்துட்டுப் போங்க. இப்போ முன்னாடி ஒன்பது பேர்தான் இருக்காங்க."

நர்ஸ் சொன்ன ஆறு வாரத்தில் ஐந்து நாள்தான் மிச்சம்.

வேன்காரர் பிரிண்டர் பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். சிக்கலைச் சரிசெய்ய கம்பெனியிலிருந்து ஒரு பெண் மெக்கானிக் வந்திருந்தாள். மையும் கையுமாகப் பிரிண்டருக்குள் தலையை விட்டுக்கொண்டே அவரிடம் என்ன ஏது என்று விசாரித்தாள். கேட்டுவிட்டு ஏழாம் ஜன்னல்காரியைக் கூப்பிட்டாள்.

"ஏங்க்கா, ஸ்கிரீன்ல ஃபில்டர் போடறீங்கல்ல, அதே கண்டிஷனை பிரிண்டுக்குப் போற ரிப்போர்ட்டைத் திறக்கும்போதும் சொல்லிட்டா அந்த ஒருத்தர் மட்டும் வருவாங்களே. ஒரு வரி எழுதணும். ரெண்டு நிமிஷ வேலை."

"தெரியும்," என்றாள் ஏழாம் ஜன்னல்காரி. "ஆறு வருஷமா தெரியும். நான் தொடக் கூடாது. போய்ச் சொல்லிப் பாருங்க."

மெக்கானிக் அசந்துபோகிற ரகமில்லை. வேன்காரரையும் இழுத்துக்கொண்டு மூன்றாம் மாடிக்குப் போய்விட்டாள். இயக்குநர் இருவரையும் உட்காரச் சொன்னார். குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டார்.

"நீங்க சொல்றது சரிதாம்மா. நடக்கக் கூடியதுதான்," என்றார். "ஆனா நான் இங்க வந்தப்போ ஒரு ரூம், ஒரு பிரிண்டர், ரெண்டு பேர். இப்போ மூணு மாடி. தேர்வுப் பிரிவுல பதினொரு பேர், நறுக்குற பிரிவுல ஆறு பேர், சாக்கு எண்ணுறதுக்குத் தனியா ஒரு கண்காணிப்பாளர். ஒரு பக்கம் கேட்டா ஒரு பக்கம் வர்ற ஆபீசுக்கு இயக்குநர் எதுக்கு? ஜன்னல்ல இருக்கிற அந்தம்மாவே போதுமே." சொன்ன பிறகு தான் சொன்னதைத் தானே யோசித்துப் பார்ப்பவர் போலக் கொஞ்சம் நிறுத்தினார். "இருந்தாலும் புது யோசனைக்கு நான் எதிரி இல்லை. கீழே ஆலோசனைப் படிவம்னு இருக்கு. அதுல பதிவு பண்ணிடுங்க. இதுவரைக்கும் வந்த ஆலோசனை எல்லாத்தையும் மொத்தமா அடிச்சு, உங்களோடதை மட்டும் உருவி என் மேஜைக்கு அனுப்பிடுவாங்க."

மெக்கானிக் படியிறங்கி வந்தாள். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, "வர்றேன் அண்ணா," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

மணி இரண்டாகியிருந்தது. வேன் எடுக்கப் போக வேண்டும். வேன்காரர் ஏழாம் ஜன்னல் முன்னால் நின்றார். சும்மா நின்றார். ஏழாம் ஜன்னல்காரி அவரைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அந்த ரிப்போர்ட்டை நான் தொடக் கூடாது. ஆனா காலியா ஒரு கோப்பு புதுசா உண்டாக்கக் கூடாதுன்னு யாரும் சுற்றறிக்கை போடலை," என்றாள். "அதுல உங்க வீட்டம்மா பதிவை மட்டும் காப்பி பண்ணி வெக்கிறேன். அதுலேர்ந்து எல்லாரையும் அடிக்கச் சொன்னாலும் வேற யார் இருக்காங்க வர்றதுக்கு?"

வேன்காரர் மாடி ஏறிப் போய் நின்றதும் பிரிண்டர் ஒரே ஒரு தடவை சரக் என்று ஓடி நின்றது. அறையில் இருந்த எல்லோரும் தலை தூக்கினார்கள். அவ்வளவு சின்னச் சத்தத்தை அவர்கள் கேட்டதே கிடையாது. ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று ஒருவர் எழுந்தே விட்டார். அதற்குள் வேன்காரர் தாளை எடுத்துக்கொண்டு முத்திரை அறைக்குப் போய்விட்டார்.

முத்திரை அதிகாரி ரிட்டையராக இரண்டு மாதம் இருக்கும் மனிதர். தாளை மேலிருந்து கீழே வரை படித்தார். ஓரத்தில் விரலை வைத்தார்.

"பக்கம் ஒன்றில் ஒன்றுன்னு போட்டிருக்கு. முப்பத்து மூணு வருஷ சர்வீஸ்ல இப்படி ஒண்ணு நான் பார்த்ததில்லை. மத்த பக்கமெல்லாம் எங்கே?"

வேன்காரருக்கு வாழ்க்கையில் சட்டென்று பதில் சொல்லி வராது. பிள்ளைகளின் அம்மாக்களிடம் திட்டு வாங்கினாலும் வீட்டுக்கு வந்த பிறகுதான் பதில் தோன்றும். அன்றைக்கு என்னவோ ஐந்து வாரக் களைப்பு அவர் வாயில் புகுந்து பேசியது.

"எல்லாத்தையும் நறுக்கியாச்சுங்க சார். மிச்சம் இருக்கிறது இது ஒண்ணுதான். அதனால ஒன்றில் ஒன்று."

அதிகாரி யோசித்தார். தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அவர் முகம் மெல்லத் தெளிந்தது.

"இப்போதான் ஒழுங்கா கணக்கு வெக்கிறாங்க," என்று சொல்லி முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

மறுநாள் நர்ஸ் தாளை வாங்கிக் கோப்பில் வைத்தாள். அடுத்த திங்கள்கிழமை காலை அவர் மனைவி மூன்றாவது தெருவுக்கு நடந்தே போனாள், பதினோரு மணிக்கெல்லாம் நடந்தே திரும்பினாள். வேன்காரர் வீட்டில் சோறு வடித்து வைத்திருந்தார். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "வெயில் ஏர்றதுக்குள்ள வீட்டுல இருக்கேன்," என்று அவள் ஆச்சரியமாகச் சொன்னாள். மாலை வரை தூங்கினாள். அவரும் பழையபடி வேனைக் கழுவ ஆரம்பித்தார்.

மூன்று வாரம் இப்படிப் போயிற்று. ஒரு புதன்கிழமை பதிவகத்திலிருந்து கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை தோறும் அலுவலகத்தின் எல்லாக் கோப்புகளையும் மூலப் பதிவேட்டோடு ஒன்றுசேர்ப்பார்கள். ஏழாம் ஜன்னல்காரி உண்டாக்கிய கோப்பும் அதோடு போய்ச் சேர்ந்துவிட்டது. அவள் அதை அழிக்க மறந்திருக்க வேண்டும். கடிதம் வேறு விதமாகச் சொன்னது:

'தங்கள் மனைவியின் பெயர், வயது, ரத்த வகை, நோய் ஆகிய அனைத்தும் ஒன்றாகவே அமைந்த இருவர் எமது பதிவேட்டில் இருப்பது கண்டறியப்பட்டுள்ளது. இவர்களில் உண்மையானவர் யார் என்று முடிவு செய்யும் பொருட்டு, இருவரும் தத்தம் பதிவுத் தாள்களுடன் பதினைந்து தினங்களுக்குள் நேரில் வர வேண்டும். ஒருவர் மட்டும் வந்தால் ஏற்கப்படமாட்டாது.'

அன்றைக்கு டயாலிசிஸ் நாள். அவள் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். காகிதம் மடிக்கும் சத்தம் கேட்டு, "என்னங்க போட்டிருக்கு?" என்றாள்.

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "உன்னை மாதிரியே இன்னொருத்தி இருக்காளாம். ரெண்டு பேரும் நேர்ல வரணுமாம்."

அவள் கண்ணைத் திறந்தாள்.

"அவளுக்கும் இதே உடம்புதானா?"

"அப்படித்தான் எழுதியிருக்காங்க."

"பாவம்," என்றாள் அவள். போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்தாள். "இந்தத் தடவை அவ பஸ்ல போயிட்டு வரட்டும். நான் கொஞ்சம் தூங்கறேன்."